மோட்டோகிராஸுக்கு டூ ஸ்ட்ரோக் குவாட் எடுக்குறீங்களா? எஞ்சினைக் கடைசியா பாருங்க

பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்போர்ட் குவாட் (நாலு சக்கர ஏடிவி, அதாவது கரடுமுரடான மண்ணுல ஓட்டுற வண்டி) ஒண்ணு எடுத்து மோட்டோகிராஸ் (மேடு பள்ளமான மண் தடத்துல நடக்குற ரேஸ்) ஓட்டலாம்னு கெளம்புறவங்க முதல்ல மாட்டிக்கிற எடம் சிசி. 250ஆ, 350ஆ, 500ஆன்னு தான் பேச்சே ஆரம்பிக்குது. 350 ட்வின் (ரெண்டு சிலிண்டர்) இருக்கும்போது எதுக்கு 250 சிங்கிள் (ஒரு சிலிண்டர்)னு ஒருத்தர் கேப்பாரு, இன்னொருத்தர் 450 ஃபோர் ஸ்ட்ரோக் வந்ததுக்கு அப்புறம் இதெல்லாம் எதுக்குன்னு கேப்பாரு, நடுவுல ஒருத்தர் வந்து 500 இருக்குறப்ப மத்ததெல்லாம் பொம்மைன்னு சொல்லிட்டுப் போவாரு. மூணுமே கேள்வியைத் தப்பான எடத்துல இருந்து ஆரம்பிக்குது.

நீங்க வாங்கப்போறது ஒரு எஞ்சினை இல்ல. முப்பது நாப்பது வருஷம் ஆன ஒரு ஃப்ரேம், அதுக்கு இன்னிக்கு கிடைக்குற பார்ட்ஸ், அதை எந்த கிளாஸ்ல ஓடவிடுவாங்கங்கிற ரூல், இது மூணையும் சேத்துத் தான் வாங்குறீங்க. எஞ்சினை எப்ப வேணா திரும்பக் கட்டிக்கலாம், ஆனா தப்பான சேஸியை (ஃப்ரேம், சஸ்பென்ஷன், ஆக்சில் எல்லாம் சேந்தது) எடுத்துட்டா அதை சரிபண்றதுக்கு ஆகுற செலவுல இன்னொரு வண்டியே வாங்கிடலாம். இதை அடிப்படையில இருந்து வரிசையா பாக்கலாம்.

முதல்ல டூ ஸ்ட்ரோக் என்ன பண்ணுது

ஃபோர் ஸ்ட்ரோக்ல கிராங்க் (பிஸ்டன் மேல கீழ போறதைச் சுத்தா மாத்துற தண்டு) ரெண்டு சுத்து சுத்துனா ஒரு தடவை தான் உள்ள எரியும். டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை எரியும். அப்ப பவர் ரெண்டு மடங்கு வரணுமேன்னு தோணும், வராது. ஏன்னா எக்ஸாஸ்ட் போர்ட் தெறந்திருக்குற நேரத்துல பிஸ்டன் போற தூரம் வீணாப் போகுது, புதுசா வர்ற பெட்ரோல்-காத்துக் கலவைல கொஞ்சம் எரியாமலே வெளிய ஓடிடுது. அதனால தான் ரேஸ் உலகத்துல 250 டூ ஸ்ட்ரோக்கும் 450 ஃபோர் ஸ்ட்ரோக்கும் கிட்டத்தட்ட ஒரே தராசுல வெச்சு பாக்குறாங்க. இதுக்கு மேல போறதுக்கு முன்னாடி அஞ்சு வார்த்தை தெரிஞ்சுக்கணும்.

1. போர்ட்: சிலிண்டர் சுவத்துல இருக்குற ஓட்டை. இதுல வால்வ் கிடையாது, பிஸ்டனே மேல கீழ போய் இதைத் தெறந்து மூடும். இதோட உயரத்தையும் அகலத்தையும் மாத்துறது தான் போர்ட்டிங். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்துனா மேல் ஆர்பிஎம்ல பவர் ஏறும், கீழ இழுவை குறையும்.

2. ரீட் வால்வ்: கார்புரேட்டருக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவுல இருக்குற மெல்லிசான தகடுங்க. உள்ள போன கலவை திரும்பி வராம பாத்துக்கும். தகடோட நுனி பிளந்தா வண்டி ஸ்டார்ட் ஆகவே கஷ்டப்படும்.

3. எக்ஸ்பான்ஷன் சேம்பர்: அந்த வீங்கின பைப். வெறும் சைலன்சர் இல்ல இது, எஞ்சினோட பாதி இது தான். வெளிய ஓடுன கலவையை அழுத்த அலை ஒண்ணு திருப்பி உள்ள தள்ளும், ஆனா அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேர்றது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் அளவுக்குள்ள மட்டும் தான். நீளமான பைப் கீழ் ஆர்பிஎம்ல வேலை செய்யும், குட்டைப் பைப் மேல.

4. பவர்பேண்ட்: அந்த அலையும் போர்ட்டும் ஒத்துப்போற ஆர்பிஎம் இடைவெளி. அதுக்குக் கீழ வண்டி தூங்கும், உள்ள வந்ததும் உதைக்கும்.

5. பவர் வால்வ்: எக்ஸாஸ்ட் போர்ட்டோட உயரத்தை ஓடும்போதே மாத்துற அமைப்பு. கீழ் ஆர்பிஎம்ல தாழ்த்தி வெக்கும், மேல போகப்போகத் தூக்கும், அதனால பவர்பேண்ட் அகலமாகும்.

குவாட்ல இது ஏன் பைக் மாதிரி இல்ல

இதை சரியா புரிஞ்சுக்காம தான் நிறையப் பேர் தப்பான எஞ்சினுக்குப் பின்னாடி ஓடுறாங்க. ஸ்போர்ட் குவாட்ல பின்னாடி ரெண்டு வீலும் ஒரே ஆக்சில்ல இறுகிக் கெடக்கு, டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவுல உள் வீல் கம்மி தூரம், வெளி வீல் அதிக தூரம் போகணும், ஆனா ரெண்டும் ஒரே வேகத்துல தான் சுத்தும். அப்போ ஏதோ ஒரு டயர் வழுக்கியே ஆகணும். அதனால குவாட்டை ஹேண்டில்பாரால மட்டும் திருப்ப முடியாது, உடம்பை உள்பக்கம் சாச்சு த்ராட்டிலால பின்பக்கத்தை வழுக்க விட்டுத் தான் திருப்பணும்.

இப்ப யோசிங்க, வளைவு நடுவுல த்ராட்டில் குடுக்குறப்ப எஞ்சின் தூங்கிட்டு இருந்தா வண்டி நேரா வெளிய போகும், திடீர்னு பவர்பேண்டுக்குள்ள வந்து உதைச்சா பின்பக்கம் சுத்திக்கும். அதான் மோட்டோகிராஸ் குவாட்டுக்கு உச்சி ஹார்ஸ்பவரை விட, வளைவுல இருந்து வெளிய வர்ற ஆர்பிஎம்ல சீரா வர்ற இழுவை தான் லேப் டைமைக் குறைக்கும்.

எடையும் சேந்துக்குது. 250 பைக்கை விடக் குவாட் 40-50 கிலோ அதிகம், நாலு கொழுத்த டயர், மண்ணுல உராய்வும் ஜாஸ்தி. அதனால எஞ்சின் எப்பவும் சுமையோட தான் ஓடும், கிளட்ச் சீக்கிரம் சூடாகும், ரேடியேட்டருக்கு வேலை அதிகம். பைக்ல பளிச்சுன்னு ஓடுற ஒரு டியூனிங் குவாட்ல மூச்சு வாங்குறதுக்குக் காரணம் இது தான்.

டூ ஸ்ட்ரோக்குக்கு சாதகமும் உண்டு. எடை கம்மி, உள்ள சுத்துற பார்ட்ஸ் கம்மி, எஞ்சின் பிரேக்கிங் ரொம்பக் கம்மி, அதனால வரிசையா மேடு வர்ற எடத்துல த்ராட்டிலை மூடுனாலும் பின்பக்கம் இழுத்துப் பிடிக்காம மெதந்து போகும். ஃபோர் ஸ்ட்ரோக்ல இருந்து மாறுறவங்க பிரேக் புள்ளியை மறுபடி கத்துக்கணும், அது வேற கதை.

புதுசா ஏன் கிடைக்கல

1985ல சுசுகி எல்டி250ஆர் குவாட்ரேசர், 1986ல ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர், 1987ல கவாசாகி டெக்கேட்-4, யமஹா பான்ஷீ, சுசுகி எல்டி500ஆர் மூணும் ஒரே வருஷம். மூணே வருஷத்துல இவ்வளவும் வந்துடுச்சு. அதே வேகத்துல போகவும் செஞ்சுது. மூணு சக்கர ஏடிவி விபத்துங்க அமெரிக்காவுல பெரிய பிரச்சினையாகி, 1988ல அங்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் கம்பெனிகளுக்கும் நடுவுல நீதிமன்ற ஒப்பந்தம் போட்டாங்க, மூணு சக்கர வண்டி விற்பனை நின்னுது. நாலு சக்கரத்துக்குத் தடை இல்லன்னாலும் ரேஸ் மாதிரி வண்டிகளை விக்கிற ஆசை கம்பெனிகளுக்குக் குறைஞ்சு போச்சு. டெக்கேட்-4 1988லயும், ஹோண்டா 1989லயும், எல்டி500ஆர் 1990லயும், எல்டி250ஆர் 1992லயும் நின்னுது.

மிச்சம் இருந்தது யமஹாவோட பான்ஷீயும் பிளாஸ்டரும். 2002ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏடிவிங்களுக்குப் புகை அளவு விதி கொண்டுவந்துச்சு, அது 2006 மாடல்ல இருந்து படிப்படியா அமலுக்கு வந்தது, அந்த 2006 மாடலோட ரெண்டும் அமெரிக்க சந்தைல முடிஞ்சுது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 1989ல நின்னுபோன ஹோண்டா 250ஆர் தான் அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல ஏடிவி மோட்டோகிராஸோட முக்கிய ஆயுதமா இருந்துச்சு. லேகர், லோன் ஸ்டார் மாதிரி கம்பெனிங்க ஃப்ரேமையே புதுசா செஞ்சு குடுத்தாங்க, எஞ்சின் மட்டும் ஹோண்டா டிசைன். 2004 மாடலா யமஹா ஒய்எஃப்இசட்450யும் ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆரும் வந்த பிறகு தான் அந்தக் காலம் முடிஞ்சுது. பக்கத்துலயே 350 சிசி பான்ஷீ ஷோரூம்ல புதுசா நின்னுட்டு இருந்தப்பவும் ரேஸர்ங்க உற்பத்தி நின்னுபோன 250ஐத் தேடிப் போனாங்க, காரணம் சேஸி.

வண்டிங்க ஒவ்வொண்ணா

ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர் (1986-89). 246 சிசி சிங்கிள், போர் (சிலிண்டர் விட்டம்) 66 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் போற தூரம்) 72 மிமீ, வாட்டர் கூலிங், ஆறு கியர், பவர் வால்வ் இல்ல. போரை விட ஸ்ட்ரோக் நீளமா இருக்குறதால கீழ் நடு ஆர்பிஎம்ல இழுவை நல்லா இருக்கும், மேல சொன்ன வளைவுக் கணக்குக்கு இது அப்படியே பொருந்துது. எடை 150 கிலோவுக்குள்ள. ஏ-ஆர்ம் (முன்வீலை ஃப்ரேமோட சேக்குற கை), ஆக்சில், ஸ்விங்கார்ம் (பின் ஆக்சிலைத் தாங்குற கை), முழு ஃப்ரேம், 310, 330 சிசி வரைக்கும் பெரிய சிலிண்டர் கிட்டுன்னு வெளிக் கம்பெனி பார்ட்ஸ் இதுக்கு இருக்குற மாதிரி வேற எந்த 250க்கும் இல்ல. குறைன்னு பாத்தா விலை. பேருக்காகவே ஏத்தி விக்கிறாங்க, அப்புறம் ஹோண்டா ஒரிஜினல் பார்ட்ஸ் பல நின்னுபோச்சு. 1986 எஞ்சினுக்கும் அதுக்கப்புறம் வந்ததுக்கும் உள்பார்ட்ஸ்ல வித்தியாசம் உண்டு, பார்ட்ஸ் வாங்குறப்ப வண்டியோட வருஷத்தை இல்ல, உள்ள இருக்குற எஞ்சின் நம்பரைப் பாத்து வாங்கணும், ஏன்னா இத்தனை வருஷத்துல எஞ்சின் எத்தனை ஃப்ரேம் மாறிச்சோ யாருக்கும் தெரியாது.

சுசுகி எல்டி250ஆர் (1985-92). ஸ்டாக்கா (கம்பெனில இருந்து வந்தபடியே) ஓட்டுறதுன்னா ஹோண்டாவுக்கு நேர் போட்டி இது, சஸ்பென்ஷன் அந்தக் காலத்துக்கு அருமை. 1985-86 எஞ்சினும் 1987ல இருந்து வந்ததும் வேற வேற, ஒண்ணோட பார்ட்ஸ் இன்னொண்ணுல போடலாம்னு நெனச்சு ஏமாறாதீங்க. வெளிக் கம்பெனி சப்போர்ட் ஹோண்டாவை விடக் கம்மி, ஆனா விலையும் அதுக்கேத்த மாதிரி இறங்கும். என் கணக்குல கையில இருக்குற காசுக்கு அதிக வண்டி குடுக்குறது இது தான், பேர் இல்லாததால மட்டும் மதிப்பு கம்மியா இருக்கு.

கவாசாகி டெக்கேட்-4 (1987-88). கவாசாகியோட பவர் வால்வோட வந்த 250. எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனா ரெண்டே வருஷம் தான் செஞ்சாங்க, அதனால பார்ட்ஸ் தேடியே வயசாகிடும். சேகரிக்கிறவங்களுக்குச் சரி, ஒரு வாரம் ரேஸ் ஓட்டி அடுத்த வாரத்துக்குள்ள உடைஞ்சதை மாத்தணும்னு இருக்குறவங்களுக்கு வேண்டாம்.

யமஹா பான்ஷீ (1987-2006). 347 சிசி, 64 மிமீ போர், 54 மிமீ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். ரோடு பைக்கான ஆர்இசட்350ல இருந்து வந்த எஞ்சின், அதுல இருந்த பவர் வால்வை எடுத்துட்டாங்க. எண்ணெய் ஊத்தாமலே எடை 175 கிலோ கிட்ட. ஸ்ட்ரோக் குட்டை, பவர் மேல தான் வரும். மணல் மேட்டுலயும் நேர்கோட்டு டிராக் ரேஸ்லயும் இது ராஜா, அதுல சந்தேகமே இல்ல, பார்ட்ஸும் எங்கயும் கிடைக்கும். மோட்டோகிராஸ்ல மூக்கு கனம், அகலம் கம்மி, வளைவுல இருந்து வெளிய வர்றப்ப பவர் ஒண்ணு இல்லாம இருக்கும் இல்ல எல்லாமே ஒரேடியா வரும். கீழ் நடு ஆர்பிஎம்முக்குப் போட்ட பைப்பும் சாதுவான போர்ட்டிங்கும் போட்டா இதை அடக்கலாம், அடக்கி ஜெயிச்சவங்களும் உண்டு, ஆனா அந்த செலவைக் கூட்டிப் பாத்தா 250ஆர் விலை வந்துடும்.

சுசுகி எல்டி500ஆர் (1987-90). குவாட்சில்லான்னு பட்டப்பேர். ஒத்த சிலிண்டர் 500. பாக்குறதுக்கு, பேசுறதுக்கு, நேரா போறதுக்கு. மோட்டோகிராஸ் தடத்துல இருவது நிமிஷம் இதைப் புடிச்சிருக்கக் கை வேணும்.

யமஹா பிளாஸ்டர் (1988-2006). 195 சிசி, ஏர் கூலிங். மெதுவான வண்டி தான், ஆனா கத்துக்கிறதுக்கு இதை விட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. இதுல ஆயில் பம்ப் தனியா இருக்கும், பல பேர் அதைக் கழட்டிட்டுப் பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்துவாங்க, வாங்குறப்ப எது இருக்குன்னு கேட்டுக்குங்க, கேக்காம வெறும் பெட்ரோல் ஊத்துனா எஞ்சின் அன்னிக்கே புடிச்சுக்கும் (பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி நின்னுடும்).

இதுல எதுலயுமே செல்ஃப் ஸ்டார்ட் இல்ல. ரேஸ் நடுவுல நின்னா கிக்கர் தான்.

சேஸி: காசு உண்மையா போற எடம்

அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கமான ஏஎம்ஏவோட ஏடிவி மோட்டோகிராஸ்ல பெரிய வண்டிங்களுக்கு அதிகபட்ச அகலம் 50 இன்ச், அதாவது 1,270 மிமீ. ஸ்டாக் பான்ஷீ அகலம் சுமார் 1,100 மிமீ. இன்னிக்கு ஷோரூம்ல இருந்து வர்ற ஒய்எஃப்இசட்450ஆர் 1,240 மிமீ. இந்த மூணு எண்ணைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாலே, பழைய வண்டியை ஸ்டாக்கா கொண்டுபோய் நிறுத்துனா என்ன ஆகும்னு தெரிஞ்சுடும். ஒரு பக்கத்துக்கு எட்டரை சென்டிமீட்டர் குறுகலா இருக்குற வண்டி, மேட்டுல இருந்து கொஞ்சம் கோணலா எறங்குனாலும் சாயும்.

1. முன் ஏ-ஆர்ம். விளம்பரத்துல பிளஸ் 2 பிளஸ் 1னு போட்டிருப்பாங்க. பக்கத்துக்கு 2 இன்ச் அகலம், 1 இன்ச் முன்னாடி தள்ளின்னு அர்த்தம். முன்னாடி தள்றதால ஏறுறப்ப மூக்கு தூக்குறது குறையும், வேகத்துல நிதானம் வரும்.

2. பின் ஆக்சில். அகலத்தைக் கூட்டிக் கொறைக்கிற மாதிரி ஆக்சில் வாங்குறது நல்லது. முன்பக்கம் அகலமாக்கிட்டுப் பின்னாடி ஸ்டாக்கா விட்டா வண்டி வளைவுல நம்பிக்கையே குடுக்காது.

3. ஷாக். இங்க தான் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. ரேஸ் ஷாக்குங்க பலதுல ஜீரோ ப்ரீலோட்னு சொல்லுவாங்க, ஷாக் முழுசா நீண்டிருக்கும்போது ஸ்பிரிங் மேல அழுத்தமே இல்லாத மாதிரி செட்டப். ஓட்டுறவர் ஏறி உக்காந்தா வண்டி நல்லா தாழ்ந்து நிக்கும், குழி வந்தா வீல் கீழ எறங்கி மண்ணை விடாது. ஒரு விஷயம், ஷாக்கை இன்னொருத்தர் எடைக்குக் கட்டியிருந்தா உங்களுக்கு அது உபயோகம் இல்ல, 60 கிலோ ஆளுக்குப் போட்ட ஸ்பிரிங்ல 90 கிலோ ஆள் உக்காந்தா ஒவ்வொரு குதிப்புலயும் அடி வாங்கும். பழசு வாங்குனா ஸ்பிரிங் மாத்துறதுக்கும் ஆயில் மாத்தி வால்விங் பண்றதுக்கும் தனியா காசு எடுத்து வெச்சுடுங்க.

4. டயர். மோட்டோகிராஸுக்குன்னு வழக்கமான அளவு முன்னாடி 20x6-10, பின்னாடி 18x10-8. பின்டயர் 20 இன்ச்ல இருந்து 18க்கு எறங்குனா வண்டி தாழும், சாயுறது குறையும், கூடவே கியரிங் பத்து சதவீதம் குட்டையாகும், அதனால ஸ்ப்ராக்கெட்டையும் சேத்து மாத்தணும். தரைக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடைவெளி குறையுறதால பாறை இருக்குற எடத்துக்கு இந்த செட்டப்போட போகாதீங்க.

5. பாதுகாப்பு சாமான். கால் வைக்கிற பக்கம் நெர்ஃப் பார், கையில கயிறு கட்டுற கில் சுவிட்ச். கில் சுவிட்ச் இல்லாத வண்டியை எந்த ஒழுங்கான ரேஸ்லயும் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. நெர்ஃப் பார் எதுக்குன்னா, பக்கத்து வண்டியோட முன்வீல் உங்க பின்வீலுக்கு முன்னாடி புகுந்து ஏறிடாம தடுக்குறதுக்கு.

ரூல் புக்கை வாங்குறதுக்கு முன்னாடி படிங்க

நீங்க ஓடப்போற கிளப் எந்த அமைப்போட விதியை வெச்சிருக்கோ அதுல மூணு கேள்விக்கு பதில் தேடணும். டூ ஸ்ட்ரோக் எந்த சிசி வரைக்கும் எந்த கிளாஸ்ல? ஃப்ரேம் ஒரிஜினலா இருக்கணுமா, வெளிக் கம்பெனி ஃப்ரேம் ஒத்துக்குவாங்களா? பைக் எஞ்சின் மாத்திப் போட்டா அனுமதி உண்டா? உற்பத்தி வண்டி அடிப்படைல நடக்குற கிளாஸ்ல தனி ஃப்ரேமோட போய் நின்னா பரிசோதனைலயே திருப்பி அனுப்பிடுவாங்க. 330 சிசி கிட்டு போட்டுட்டு 250 கிளாஸ்ல நிக்க முடியாது, ஓப்பன் கிளாஸ்ல நின்னா நல்லா கட்டுன 450ங்களோட மோதணும். பழைய வண்டிங்களுக்குன்னு தனி கிளாஸ் வெக்கிற எடங்கள்ல, அதுக்கு எந்த வருஷம் வரைக்கும், எந்த மாற்றம் வரைக்கும்னு எல்லை போட்டிருப்பாங்க.

பழைய வண்டியைப் பாக்கப் போறப்ப

1. எஞ்சின் சூடா இருந்தா சந்தேகப்படுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காருன்னா, குளிர்ல ஸ்டார்ட் ஆகாத வண்டியா இருக்கலாம். நீங்களே உதைங்க.

2. லீக் டவுன் டெஸ்ட். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைச்சுட்டு 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தணும், 6 நிமிஷம் நிக்கணும். எறங்குதுன்னா கிராங்க் சீல், பேஸ் கேஸ்கெட், ரீட் பக்கம் எங்கயோ காத்து இழுக்குது. வெளிக்காத்து உள்ள போனா கலவை லீன் ஆகும் (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி), லீன் ஆனா சூடாகும், பிஸ்டன் ஓட்டையாகும் இல்ல புடிச்சுக்கும். டூ ஸ்ட்ரோக் பல செத்துப்போறது இந்த வழில தான். கம்ப்ரஷன் மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்றவங்க இதை விட்டுடுறாங்க.

3. கிராங்க். பிளைவீல் பக்கம் புடிச்சு மேல கீழ ஆட்டிப் பாருங்க, ஆட்டமே இருக்கக்கூடாது. கனெக்டிங் ராடுல பக்கவாட்டுல லேசான அசைவு இருக்கலாம், மேல கீழ இருந்தா எஞ்சினைப் பிரிச்சே ஆகணும்.

4. போர் எந்த ஓவர்சைஸ்ல இருக்கு. எத்தனை தடவை போர் பண்ணியிருக்காங்கன்னு (தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குறது) கேளுங்க. ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள இருக்குற குழாய்) கடைசி அளவுல இருந்தா அடுத்த தடவை ஸ்லீவே மாத்தணும், அந்தக் காசை விலைல கழிங்க. போர்ட்டிங் பண்ணியிருக்குன்னு பெருமையா சொன்னா, யாரு பண்ணது, எந்தப் பைப்புக்குப் பண்ணது, எந்த எரிபொருளுக்குன்னு கேளுங்க. பதில் இல்லன்னா அது பெருமை இல்ல, பிரச்சினை. கம்ப்ரஷன் 190 பிஎஸ்ஐக்கு மேல காட்டுச்சுன்னா சாதா பங்க் பெட்ரோல்ல அது வெடிச்சு அடிக்கும், ரேஸ் பெட்ரோல் தேடணும்.

5. ஃப்ரேம். ஏ-ஆர்ம் மாட்டுற காது, ஸ்டீயரிங் தண்டோட கீழ் பிடி, ஸ்விங்கார்ம் பிவட், ஃபுட்பெக் பக்கம், இந்த நாலு எடத்துல பெயின்ட்டை நகத்தால சுரண்டிப் பாருங்க. புதுசா பவுடர் கோட்டிங் பண்ண ஃப்ரேம்னா அழகுன்னு நெனைக்காதீங்க, வெல்டிங்கை மறைக்க அதை விட நல்ல வழி கிடையாது. ஃப்ரேம் நம்பரும் பேப்பரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, இந்த வண்டிங்க திருட்டுக்குப் பேர் போனது.

6. கியர். ரெண்டாவது மூணாவதுல போட்டு நல்லா முறுக்குங்க. கியர் தானா வெளிய வந்துச்சுன்னா எஞ்சின் கேஸைப் பிளக்கணும்.

7. கேரியர் பேரிங், பால் ஜாயின்ட், ஆக்சில் ஸ்ப்ளைன். ஒவ்வொண்ணும் சின்னதுதான், எல்லாம் சேந்தா ஒரு ரேஸ் சீசன் பட்ஜெட்.

பைக் எஞ்சினைப் போடலாமா

பழைய எஞ்சின் தேடி அலையுறதுக்கு பதிலா மோட்டோகிராஸ் பைக்கோட டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் குவாட் ஃப்ரேம்ல ஏத்துற பழக்கம் ரொம்ப நாளா உண்டு. ஹோண்டா சிஆர்250ஆர் எஞ்சினை 250ஆர் மாதிரி ஃப்ரேம்ல போடுறது பழைய வழி, யமஹா ஒய்இசட்250, கேடிஎம் மாதிரி இன்னும் உற்பத்தில இருக்குறதைப் போடுறது புது வழி. பவர் வால்வ் கிடைக்குது, புது பார்ட்ஸ் கிடைக்குது. எஞ்சின் விஷயத்துல இது தான் அறிவான முடிவு, ரூல் ஒத்துக்கிட்டா.

கியரிங் கணக்கை மட்டும் விட்டுடாதீங்க. பைக்கோட பின்டயர் மொத்த உயரம் 27 இன்ச் கிட்ட, குவாட்ல 18. பைக்ல முன்னாடி 13 பல், பின்னாடி 49 பல்னா விகிதம் 3.77. அதே வேகம் குவாட்ல வரணும்னா 3.77ஐ 18ஆல பெருக்கி 27ஆல வகுக்கணும், 2.5 வரும், அதாவது 14க்கு 35. இதுல இருந்து ஆரம்பிச்சு, எடை அதிகம்ங்கிறதால பின்னாடி ரெண்டு மூணு பல் கூட்டிப் பாக்கணும். பெரிய ரேடியேட்டர், பலமான கிளட்ச் ஸ்பிரிங், கனமான பிளைவீல் மூணும் வேணும். பிளைவீல் எதுக்குன்னா பவர் திடீர்னு வர்றதை அது மழுக்கும், டயர் சும்மா சுத்தாம மண்ணைப் புடிக்கும். பவரைக் கொறைக்கிற மாதிரி தோணும், ஸ்டாப் வாட்ச் வேற மாதிரி சொல்லும்.

ஆயிலும் ஜெட்டும்

பெட்ரோலுக்கும் அதுல கலக்குற ஆயிலுக்கும் விகிதம் பான்ஷீக்கு யமஹா சொன்னது 24க்கு 1. இன்னிக்கு இருக்குற நல்ல சிந்தெடிக் டூ ஸ்ட்ரோக் (2T) ஆயில்ல ரேஸர்ங்க பொதுவா 32க்கு 1ல இருந்து 40க்கு 1 வரைக்கும் ஓட்டுறாங்க. அஞ்சு லிட்டர் பெட்ரோலுக்கு 32ன்னா 156 மில்லி, 40ன்னா 125 மில்லி. இதுல ஒரு குழப்பம் எப்பவும் வரும். ஆயில் அதிகம் ஊத்துனா ரிச் (பெட்ரோல் அதிகம்)னு நெனைக்கிறாங்க, உண்மைல தலைகீழ். ஆயில் எடத்தை அடைச்சுக்குறதால ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை) வழியா போற பெட்ரோல் கொறையும், அப்ப கலவை லீன். அதனால ஒரு விகிதத்தைப் புடிச்சுக்கிட்டு அதுக்கு ஜெட்டிங் பண்ணிட்டு அதை மாத்தாம இருக்கணும்.

குளிர் காத்துல ஆக்சிஜன் அடர்த்தி அதிகம், அப்ப பெரிய ஜெட் வேணும். மலைமேல காத்து லேசு, சின்ன ஜெட். காலைல பனியில ரிச்சா செட் பண்ண வண்டி மத்தியானம் வெயில்ல கொஞ்சம் தொண்டை கட்டும், அது பரவாயில்ல. மத்தியான வெயிலுக்குச் சரியா வெச்ச வண்டியை மறுநாள் காலைக் குளிர்ல முழு த்ராட்டில்ல ஓட்டுனா தான் ஆபத்து. சந்தேகம் இருந்தா ஒரு சைஸ் பெருசா போட்டு ஓட்டிட்டு, பிளக் நிறம் பாத்து எறக்குங்க.

யாருக்கு எது

முதல் தடவை ரேஸ்னா பிளாஸ்டர், இல்லன்னா யாரோ ஒழுங்கா சேஸி வேலை முடிச்சு வெச்சிருக்குற எல்டி250ஆர். பழைய வண்டி கிளாஸ்ல ஜெயிக்கணும்னா 250ஆர், அதுவும் எஞ்சின் செத்துக் கெடந்தாலும் பரவாயில்ல, நல்ல ஷாக், அகல ஏ-ஆர்ம், விரிசல் இல்லாத ஃப்ரேம் இருக்குறது. ஓப்பன் கிளாஸ், ரூல் தாராளம், கையில வேலை தெரியும்னா ஹைப்ரிட் (பைக் எஞ்சின் போட்ட குவாட்). ஏற்கனவே பான்ஷீ வெச்சிருந்தா விக்காதீங்க, ஆனா மோட்டோகிராஸுக்காகப் புதுசா ஒண்ணு தேடிப் போகாதீங்க. பிஸ்டன், ரிங் மாத்துறது தன் கையாலயே பண்ண முடியாதவங்க, அதைப் பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக்கும் பக்கத்துல இல்லாதவங்க, பழைய டூ ஸ்ட்ரோக்கையே விட்டுட்டு எரிபொருள் இன்ஜெக்ஷன் இருக்குற 450க்குப் போறது நல்லது. டூ ஸ்ட்ரோக்ல டாப் எண்ட் (பிஸ்டன், ரிங், சிலிண்டர்) வேலை அடிக்கடி வரும், ஒவ்வொண்ணும் செலவு கம்மி. 450ல எப்பவாவது வரும், வந்தா வால்வ் டிரெயின் வரைக்கும் பாக்கணும், பெரிய செலவு.

சின்னப் பசங்க கிளாஸ் மட்டும் இந்தக் கணக்குல வராது. 50, 70, 90 சிசி அளவுல கோப்ரா, டிஆர்ஆர் மாதிரி கம்பெனிங்க ரேஸுக்குன்னே டூ ஸ்ட்ரோக் மினி குவாட் செஞ்சிருக்காங்க, கியர் மாத்துற வேலை இல்லாம ஓடுறது. அங்கயும் பசங்க உயரத்துக்கும் எடைக்கும் ஷாக் செட்டப் ஒத்துப்போகுதாங்கிறது தான் முதல் கேள்வி, அதுவும் வருஷாவருஷம் மாறிக்கிட்டே இருக்கும்.